இவாலுவேஷன் போர்டிலிருந்து விற்பனைக்குரிய சொந்த ஹார்டுவேர் வரை: முழுமையான வழிகாட்டி

இவாலுவேஷன் போர்டு (டெவ் போர்டு என்றும் சொல்வார்கள்) என்பது ஒரு சிப்பைப் பரிசோதித்துப் பார்க்கத் தயாராக வரும் சர்க்யூட் பலகை. ஒரு சிப் நிறுவனம் அதை வெளியிடுவது அந்தச் சிப்பை விற்பதற்காக. அதனால் எல்லா பின்களும் வெளியே வந்திருக்கும், யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் உயிர் வந்துவிடும், நிரலில் பிழை தேட உதவும் டீபக்கர் கூடவே ஒட்டியிருக்கும். பேட்டரி எத்தனை நாள் வரும், மூடிய பெட்டிக்குள் எவ்வளவு சூடாகும், ஐந்து வருடம் கழித்து அதே பாகம் கிடைக்குமா என்பதெல்லாம் அந்தப் போர்டை வடிவமைத்தவரின் கவலை இல்லை. நீங்கள் ஒரு பொருளை விற்க இறங்கும்போது இவை எல்லாம் உங்கள் தலையில் விழும்.

சர்க்யூட் வரைவது இந்த வேலையில் சின்னப் பகுதிதான். போர்டு இதுவரை சத்தமில்லாமல் உங்களுக்காகச் செய்துவந்த வேலைகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, தூக்கிப்போடுவதா என்று முடிவெடுப்பதில்தான் பெரும்பாலான நேரம் போகும். ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (கருவியை இயக்கும் சின்னக் கணினிச் சிப்), ஒரு வயர்லெஸ் இணைப்பு, சில சென்சார்கள் என்ற அளவிலான பொருளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லினக்ஸ் ஓடும் பெரிய பிராசசர்களுக்கு டிடிஆர் மெமரி லேஅவுட் என்று தனி உலகமே இருக்கிறது. அந்தப் பக்கம் போகவில்லை.

படி 1: எவ்வளவு ஆழம் இறங்குவது?

வழிகள் மூன்று. டெவ் போர்டையே ஒரு பெட்டிக்குள் வைத்து விற்பது முதல் வழி. சிப், ஃபிளாஷ் மெமரி, கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டல், ஆண்டெனா எல்லாம் அடங்கிய மாட்யூலை வாங்கி, அது உட்காரும் போர்டை மட்டும் நீங்கள் வடிவமைப்பது இரண்டாவது. வெறும் சிப்பிலிருந்து எல்லாவற்றையும் நீங்களே செய்வது மூன்றாவது.

முதல் வழி பத்து இருபது பேருக்குச் சோதனைக்காகக் கொடுக்கப் போதும். விற்பனை என்று வந்தால் போர்டோடு வரும் நிபந்தனைகளைப் படியுங்கள். ஆய்வகப் பரிசோதனைக்கு மட்டும், இறுதிப் பொருளில் பயன்படுத்தக் கூடாது என்று பல போர்டுகளில் தெளிவாக எழுதியிருக்கும். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, நிறுவனம் அந்தப் போர்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கனெக்டர் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் உங்கள் பெட்டி பயனற்றுப் போகும்.

வயர்லெஸ் இருக்கும் பொருளுக்கு என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப்புக்கும் அதே சிப்பை வைத்து வரும் வ்ரூம் (WROOM) வகை மாட்யூலுக்கும் விலை வித்தியாசம் உண்டு. ஆனால் ஆண்டெனா மேட்சிங், ரேடியோ சோதனைக்கூடக் கட்டணம், தோற்றால் மறுபடி லேஅவுட் (போர்டில் பாகங்களையும் தடங்களையும் அமைப்பது) என்ற செலவை அந்த வித்தியாசத்தால் வகுத்துப் பாருங்கள். சில ஆயிரம் பொருள்களாவது விற்காமல் வெறும் சிப்புக்குப் போவதில் லாபம் இல்லை என்றே விடை வரும். லினக்ஸ் தேவைப்படுகிறவர்களுக்கும் இதே கதைதான்: ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் போன்றவை இதற்காகவே இருக்கின்றன. வயர்லெஸ் இல்லாத சாதாரண மைக்ரோகண்ட்ரோலர் என்றால் தயங்காமல் வெறும் சிப்புக்கே போகலாம்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு கணக்கும் போட்டுவிடுங்கள். பாகங்கள், பிசிபி (பாகங்கள் உட்காரும் வெற்றுப் பலகை), அசெம்பிளி, பெட்டி, சோதனை எல்லாம் சேர்ந்த அடக்கச் செலவைப்போல மூன்று மடங்காவது விற்பனை விலை இல்லாவிட்டால் கடைக்காரர் பங்கு, திரும்பி வரும் பொருள்கள், சான்றிதழ்ச் செலவு எதற்கும் இடமிருக்காது. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் லேஅவுட் மென்பொருளைத் திறக்கும் முன்பே அது தெரிவது நல்லது.

படி 2: போர்டின் ஸ்கீமாட்டிக்கைப் பிரித்துப் பாருங்கள்

இவாலுவேஷன் போர்டின் ஸ்கீமாட்டிக்கை, அதாவது சர்க்யூட் வரைபடத்தை, அச்செடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் மூன்று நிறங்களில் ஒன்றைப் பூசுங்கள்: வேண்டும், வேண்டாம், வேறு மாதிரி வேண்டும். டீபக்கர் சிப், யூஎஸ்பி-சீரியல் சிப், ஜம்பர்கள், பவர் எல்இடி ஆகியவை பெரும்பாலும் வேண்டாதவை. வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் வேறு மாதிரி வேண்டும். வேண்டும் என்ற நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே இருப்பவை சின்னச் சின்ன ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும், கண்ணில் படாது.

உதாரணத்துக்கு, பல சென்சார்களை இரண்டே கம்பிகளில் சிப்போடு இணைக்கும் ஐ2சி. கடையில் கிடைக்கும் சென்சார் பலகைகள் பெரும்பாலும் தங்கள் புல்-அப் ரெசிஸ்டர்களை (கம்பியை உயர்நிலையில் பிடித்துவைப்பவை) தாங்களே வைத்திருக்கும். 4.7 கிலோ ஓம் கொண்ட ஐந்து பலகைகளை ஒரே பஸ்ஸில் (அந்தக் கம்பி ஜோடியில்) மாட்டினால் மொத்தம் 1 கிலோ ஓமுக்கும் கீழே போகும், 3.3 வோல்ட்டில் அது 3.5 மில்லி ஆம்பியர். ஐ2சி வழக்கமாக எதிர்பார்க்கும் 3 மில்லி ஆம்பியரை அது தாண்டுகிறது, ஆனாலும் மேசையில் ஓடிக்கொண்டிருக்கும். சொந்த போர்டில் வெறும் சென்சார் சிப்பை வைக்கும்போது புல்-அப் ஒன்றுகூட இருக்காது, பஸ் செத்துக் கிடக்கும். ஒரு ஜோடி ரெசிஸ்டர் போதும், ஆனால் அதை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது பூட் பின்கள். பல சிப்கள் ரீசெட்டிலிருந்து எழும் கணத்தில் சில பின்களைப் படித்து எப்படி எழுவது என்று முடிவு செய்கின்றன. ஈஎஸ்பி32-இல் ஜிபிஐஓ12 அப்படிப்பட்ட ஒன்று: எழும்போது அது உயர்நிலையில் இருந்தால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் போகும். 3.3 வோல்ட் ஃபிளாஷ் உள்ள மாட்யூல் அதோடு எழாது. அந்தப் பின்னில் உங்கள் சென்சாரின் புல்-அப் ஒன்று இணைந்திருந்தால், ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் நிரலை) எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் குடும்பத்தில் பூட்0 பின்னை மிதக்கவிடக் கூடாது. அதில் சில வரிசைகளுக்கு விகேப் என்ற பின்னில் குறிப்பிட்ட மதிப்புள்ள கெபாசிட்டர் கட்டாயம்.

சிப் நிறுவனம் வெளியிடும் ஹார்டுவேர் வடிவமைப்புக் கையேடு, எர்ராட்டா ஆவணம் இரண்டையும் சிப்பின் விவரத்தாளான டேட்டாஷீட்டோடு சேர்த்துப் படியுங்கள். எர்ராட்டாவைப் படிப்பவர்கள் குறைவு. சிப் தன் டேட்டாஷீட் சொல்கிறபடி எங்கெல்லாம் நடக்காது என்று நிறுவனமே ஒப்புக்கொள்ளும் ஆவணம் அது.

உரிமமும் உண்டு. ஆர்டுயினோ ஊனோ போன்றவற்றின் வடிவமைப்புக் கோப்புகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதே நிபந்தனையில் பகிர வேண்டும் என்ற விதியோடு வருகின்றன. கோப்பை எடுத்து மாற்றினால் உங்கள் வடிவமைப்பையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ஆர்டுயினோ என்ற பெயர் வணிகச் சின்னம். பெட்டியின் மேல் உங்கள் விருப்பத்துக்கு அச்சடிக்க முடியாது.

படி 3: மின்சாரம்

சொந்த போர்டுகளில் முதலில் தகராறு செய்வது மின்சாரப் பகுதிதான் என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

டெவ் போர்டுகளில் அதிகம் காணப்படும் ரெகுலேட்டர்களில் ஒன்று ஏஎம்எஸ்1117. மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் எந்த வேலையும் இல்லாதபோதுகூட அது தனக்காகச் சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை அது ஒன்றே 400 மணி நேரத்தில், அதாவது 17 நாளுக்குள் காலி செய்துவிடும். ஈஎஸ்பி32 ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்று டேட்டாஷீட்டில் படித்துவிட்டுத் தூக்க நேரத்தை நீட்டிக்கொண்டே போவதில் பயன் இல்லை. சுற்றியிருக்கும் பாகங்கள் பல நூறு மடங்கு குடித்துக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று, அதிகச் சுமையில் அந்த ரெகுலேட்டருக்கு உள்ளீடு வெளியீட்டைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். 3.3 வோல்ட் வேண்டுமென்றால் 4.4 வோல்ட் தேவை. முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் செல்லே 4.2 வோல்ட்தான். யூஎஸ்பியில் ஒழுங்காக ஓடியது பேட்டரியில் வைஃபை இணையும்போது மட்டும் ரீசெட் ஆவதற்கு இது போதுமான காரணம்.

எனவே ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன், பொருள் எடுக்கும் கரண்ட்டை அளந்து வரைபடமாக்குங்கள்: தூக்கத்தில் எவ்வளவு, விழித்திருக்கையில் எவ்வளவு, ரேடியோ ஒலிபரப்பும் கணத்தில் உச்சம் எவ்வளவு. மல்டிமீட்டர் காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். ஈஎஸ்பி32-க்கு 500 மில்லி ஆம்பியராவது தரக்கூடிய மின்வழங்கல் வேண்டும் என்று அதைத் தயாரிக்கும் நிறுவனமே சொல்கிறது. பேட்டரிப் பொருளென்றால் சில மைக்ரோ ஆம்பியரில் தூங்கக்கூடிய எல்டிஓ (மிச்ச வோல்டேஜைச் சூடாக வீணடிக்கும் எளிய ரெகுலேட்டர்) அல்லது பக் கன்வெர்ட்டர் (வேகமாக ஸ்விட்ச் செய்து வோல்டேஜை இறக்குவது). எப்போதும் சுவரில் செருகியிருக்கும் பொருளென்றால் சூடுதான் கேள்வி: 12 வோல்ட்டை எல்டிஓவால் 3.3 ஆக்கினால், 200 மில்லி ஆம்பியருக்கே 1.7 வாட்டுக்கு மேல் சூடாக வீணாகும். மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் அது தாங்காது.

செராமிக் கெபாசிட்டர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 10 மைக்ரோஃபேரட் என்று அச்சிட்டிருப்பது அதன் மேல் டிசி வோல்டேஜ் இல்லாதபோது உள்ள மதிப்பு. சின்ன உறையில் வரும் 6.3 வோல்ட் கெபாசிட்டருக்கு 5 வோல்ட் கொடுத்தால் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடலாம். ரெகுலேட்டர் ஆடத் தொடங்கும். தயாரிப்பாளர் தரும் டிசி பயாஸ் வரைபடத்தைப் பாருங்கள், அல்லது பெரிய உறை, கூடுதல் வோல்டேஜ் ரேட்டிங் என்று போங்கள்.

யூஎஸ்பி-சி கனெக்டர் வைக்கிறீர்களா? சிசி1, சிசி2 இரண்டு பின்களுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தரைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில் ஓடும், சி-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில் உயிரே வராது. இரண்டையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டரில் முடிப்பதும் தப்பு. 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4-இன் முதல் பதிப்பு இதைத்தான் செய்தது. உள்ளே சிப் வைத்த சில கேபிள்கள் அதை ஆடியோ கருவி என்று நினைத்து மின்சாரம் தர மறுத்தன. அடுத்த பதிப்பில் திருத்தினார்கள்.

வெளியே தெரியும் ஒவ்வொரு கனெக்டரிலும் நிலைமின் அதிர்ச்சியைத் தாங்க டிவிஎஸ் டயோடு வையுங்கள், கனெக்டரை ஒட்டியே. பேட்டரி அல்லது ஸ்க்ரூ டெர்மினல் இருந்தால் யாராவது ஒருவர் நிச்சயம் பிளஸ் மைனஸை மாற்றிப் போடுவார். ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் அதைச் சமாளிக்கும். உங்கள் மேசையில் நீங்கள் கவனமாக இருப்பீர்கள், வாங்கியவர் இருக்க மாட்டார்.

படி 4: பாகங்களைத் தேர்ந்தெடுப்பது

2020 முதல் 2022 வரை நீடித்த சிப் தட்டுப்பாட்டில் பலர் கற்றது: கிடைக்காத பாகத்தைச் சுற்றி வரைந்த நல்ல சர்க்யூட்டால் பயன் இல்லை. பிஓஎம் எனப்படும் பாகங்களின் பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே இரண்டு பத்திகள் கூடுதலாகப் போடுங்கள்: இது புதிய வடிவமைப்புகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறதா, மாற்றுப் பாகம் எது. ரெசிஸ்டர், கெபாசிட்டர், டயோடு, சாதாரண எல்டிஓ ஆகியவற்றுக்குப் பின் அமைப்பு ஒத்த மாற்று எளிதில் கிடைக்கும். மைக்ரோகண்ட்ரோலருக்குக் கிடைக்காது. ஆகவே அதன் குடும்பத்திலேயே அதே உறையில், கூடுதல் மெமரியோடு இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தட்டுப்பாட்டில் பணம் கூடுதலாகக் கொடுத்தாவது தப்பிக்கலாம்.

அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். 2014-இல் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், அதன் யூஎஸ்பி சிப்களின் போலிகளைக் கண்டுபிடித்து அவற்றின் அடையாள எண்ணைச் சுழியமாக்கிவிட்டது. தங்கள் கருவியில் இருந்தது போலி என்றே தெரியாத பலரின் கருவிகள் ஒரே அப்டேட்டில் வேலை செய்யாமல் போயின. டிரைவர் செய்தது நியாயமா என்ற வாதம் தனி. அப்படி ஒன்று நடந்தால் வாடிக்கையாளர் தேடி வருவது உங்களிடம்தான்.

அப்புறம், மதிப்புகளைக் குறையுங்கள். 9.1 கிலோ, 10 கிலோ, 12 கிலோ ஓம் என்று மூன்று புல்-அப்கள் இருந்தால் மூன்றையும் 10 ஆக்குங்கள். அசெம்பிளி இயந்திரத்தில் பாகங்கள் சுற்றி வரும் ஒவ்வொரு ரீலுக்கும் ஓர் இடம் போகிறது, அதற்குக் கட்டணமும் உண்டு.

படி 5: ஸ்கீமாட்டிக்

இதுவரை எடுத்த முடிவுகளை வரையும் கட்டம். முதல் பதிப்பில் தாராளமாக இருங்கள். சந்தேகமுள்ள இடங்களில் 0 ஓம் ரெசிஸ்டர், தேவைப்பட்டால் மட்டும் பொருத்தும் கெபாசிட்டருக்கு வெற்று இடம், ஒவ்வொரு மின்வழிக்கும் அளந்து பார்க்க டெஸ்ட் பாயிண்ட். போர்டின் பதிப்பு எண்ணை ஃபர்ம்வேர் படித்துக்கொள்ள இரண்டு மூன்று பின்களில் ரெசிஸ்டர்கள் வைத்துவிடுங்கள். மூன்றாவது பதிப்பு வரும்போது ஒரே ஃபர்ம்வேரால் எல்லாப் பதிப்புகளையும் ஓட்ட முடியும்.

எஸ்டபிள்யூடி டீபக் இணைப்பை ஒருபோதும் நீக்காதீர்கள். கனெக்டருக்கு இடமில்லாவிட்டால் வெறும் தாமிரத் திட்டுகளாவது இருக்கட்டும். போர்டிலிருந்த டீபக்கர் போய்விட்டது, இனி இந்தத் திட்டுகள்தான் உள்ளே போகும் ஒரே கதவு.

கிரிஸ்டலின் இருபுறமும் வைக்கும் கெபாசிட்டரைப் பழைய போர்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். கிரிஸ்டலின் லோடு கெபாசிட்டன்ஸிலிருந்து தடங்களில் தானாகவே சேரும் கெபாசிட்டன்ஸைக் கழித்து, இரண்டால் பெருக்குங்கள். 9 பிகோஃபேரட் கிரிஸ்டல், தடங்களில் 3 பிகோஃபேரட் என்றால் விடை 12 பிகோஃபேரட். வேறு கிரிஸ்டலுக்கு மாறினால் இதுவும் மாறும்.

வரைந்து முடித்ததும் இன்னொருவரிடம் கொடுத்து, டேட்டாஷீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பின்னாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அலுப்பான வேலைதான். சீரியல் இணைப்பில் அனுப்பும் பின்னான டிஎக்ஸ் இன்னொரு டிஎக்ஸோடு சேர்ந்திருப்பது போன்றவை இதில்தான் பிடிபடும்.

படி 6: லேஅவுட்

பெட்டியிலிருந்து தொடங்குங்கள். கனெக்டர்கள், பட்டன்கள், திருகு ஓட்டைகள், ஆண்டெனா ஆகிய நான்கின் இடமும் பெட்டியால் முடிவாகிறது, மீதி எல்லாம் அதைச் சுற்றி அமைகிறது. முதல் விற்பனைத் தொகுதிக்குக் கடையில் தயாராகக் கிடைக்கும் பெட்டியை எடுத்து, துளைகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வார்ப்பு அச்சு செய்யும் பணத்தை வைத்து இன்னும் இரண்டு போர்டு பதிப்புகள் செய்யலாம்.

நான்கு அடுக்கு பிசிபி எடுங்கள். இரண்டு அடுக்கில் முடித்துவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ஆனால் இரண்டாவது அடுக்கு முழுக்க வெட்டுப்படாத தரையாக இருந்தால், சிக்னல்களின் திரும்பும் பாதையைப் பற்றிப் பெரும்பாலும் யோசிக்கவே வேண்டியதில்லை. சோதனைக்கூடத்தில் ஒரு முறை தோற்றால் ஆகும் செலவு, சிறு தொகுதிகளில் அந்தக் கூடுதல் அடுக்குகளின் விலையை எளிதில் விழுங்கிவிடும்.

வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் டீகப்ளிங் கெபாசிட்டர் ஒவ்வொரு பவர் பின்னுக்கும் ஒன்று, பின்னை ஒட்டி. பக் கன்வெர்ட்டரில் உள்ளீட்டுக் கெபாசிட்டர், ஸ்விட்ச், தரை இவை மூன்றும் சேரும் வளையத்தை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்குங்கள். இரைச்சல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ரெகுலேட்டர் டேட்டாஷீட்டில் வரும் மாதிரி லேஅவுட்டை அப்படியே பின்பற்றுங்கள், இங்கே புதுமை தேவையில்லை. யூஎஸ்பி தரவுத் தடங்கள் 90 ஓம் ஜோடியாக ஓட வேண்டும். ஆண்டெனாவுக்குப் போகும் தடம் ஏதேனும் இருந்தால் அது 50 ஓம்.

மாட்யூலின் ஆண்டெனா முனை பிசிபியின் ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது உத்தமம். முடியாவிட்டால் அதன் அடியிலும் சுற்றிலும் எந்த அடுக்கிலும் தாமிரம் வேண்டாம். ஈஎஸ்பி32 மாட்யூல்களுக்கு 15 மில்லிமீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். பேட்டரி, உலோகத் திருகு, பெட்டியின் உலோகப் பெயர்ப்பலகை ஆகியவையும் தாமிரத்தைப்போல ஆண்டெனாவைக் கெடுக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அசெம்பிளிக்காகச் சில விஷயங்கள். இயந்திரத்தின் கேமரா போர்டின் கோணத்தைக் கண்டுபிடிக்க மூன்று ஃபிடூஷியல் புள்ளிகள். வி வடிவ வெட்டால் உடைத்துப் பிரிக்கும் ஓரங்களை ஒட்டி பெரிய செராமிக் கெபாசிட்டர்களை வைக்காதீர்கள். உடைக்கும்போது உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, சில மாதம் கழித்து ஷார்ட் ஆகும். வைத்தே ஆக வேண்டுமென்றால் வெட்டுக்கு இணையாகப் படுக்க வையுங்கள். கால்கள் வெளியே நீளாத க்யூஎஃப்என் உறைகளின் அடியில் இருக்கும் பெரிய திட்டுக்குச் சால்டர் பேஸ்ட்டை முழுதாகப் பூசாமல் சின்னக் கட்டங்களாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் சிப் மிதந்து ஓரப் பின்கள் தொடாது. கடைசியாக, லேஅவுட்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் காகிதத்தில் அச்செடுத்து உண்மையான பாகங்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கண்ணாடி பிம்பமாக வரைந்த கனெக்டர் இப்படித்தான் சிக்கும்.

படி 7: முதல் போர்டுகளுக்கு உயிர் கொடுப்பது

முதலில் ஐந்து பத்து மட்டும் செய்யுங்கள். வந்ததும் நேராக யூஎஸ்பியில் செருகாதீர்கள். உருப்பெருக்கியில் பாருங்கள், மின்வழிகளுக்கும் தரைக்கும் இடையே மல்டிமீட்டரால் ஷார்ட் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அப்புறம் கரண்ட் உச்சவரம்பு வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளையை 50 மில்லி ஆம்பியரில் நிறுத்தி மின்சாரம் கொடுங்கள். வோல்டேஜ் சரி என்றால் ரிப்பிள், அதாவது அதில் உள்ள சிற்றலை. அதுவும் சரி என்றால் டீபக்கரால் சிப்பின் அடையாள எண்ணைப் படிக்க முடிகிறதா. அதற்குப் பிறகுதான் ஃபர்ம்வேர், அதுவும் ஒரு எல்இடியை மட்டும் மினுக்கும் ஃபர்ம்வேர்.

இவாலுவேஷன் போர்டை இப்போது தூக்கிப்போடாதீர்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் அதே நிரலை அதில் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடி இங்கே ஓடவில்லை என்றால் ஹார்டுவேரைத் தேடுங்கள், இரண்டிலும் ஓடவில்லை என்றால் நிரலைத் தேடுங்கள். விவாத நேரம் பாதியாகக் குறையும்.

போர்டு ஓடியதும் அதைத் துன்புறுத்துங்கள். மின்சாரத்தை நூறு முறை வேகமாக அணைத்துப் போடுங்கள், வோல்டேஜை மெல்ல இறக்குங்கள், பெட்டியில் மூடிச் சூடாக்குங்கள், குளிர வையுங்கள், மோசமான கேபிளில் ஓட்டுங்கள்.

படி 8: விற்பனைக்கான ஃபர்ம்வேர்

நீங்கள் மேசையில் எழுதிய ஃபர்ம்வேருக்கு யூஎஸ்பியில் செருகி மறுபடி ஃபிளாஷ் செய்ய ஆள் இருந்தார். வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. பழையதும் புதியதும் தங்க இரண்டு இடங்கள் கொண்ட ஓடிஏ (வயர் இல்லாமல் வரும்) அப்டேட், புதியது எழாவிட்டால் பழையதற்குத் தானே திரும்பும் வசதி, நிரல் உறைந்துபோனால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக் ஆகிய மூன்றும் முதல் பொருள் விற்கும் முன்பே இருக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றால், சேர்ப்பதற்கான வழியே அந்த ஓடிஏதான்.

எல்லாப் பொருளிலும் ஒரே கடவுச்சொல் வைக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துத்தான். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அப்படிப் பொதுவான கடவுச்சொல்லோடு விற்பது சட்டவிரோதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தோடு இணையும் ரேடியோ கருவிகளுக்கான பாதுகாப்பு விதிகள் 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதே ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகின்றன.

ஃபர்ம்வேரைப் படிக்கவிடாமல் பூட்டும் வசதி பெரும்பாலான சிப்களில் உண்டு. கவனம்: எஸ்டிஎம்32-இல் பலவற்றில் இரண்டாம் நிலைப் பூட்டைத் திறக்கவே முடியாது. பழுதாகித் திரும்பிவரும் போர்டில் என்ன நடந்தது என்று நீங்களும் பார்க்க முடியாமல் போகும். அந்த விலை தேவையா என்று யோசித்துப் பூட்டுங்கள்.

ஆர்டுயினோ கோர் நூலகங்கள் எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருபவை. உங்கள் சொந்த நிரலை வெளியிட வேண்டியதில்லை, ஆனால் நூலகத்தை மாற்றி மறுபடி இணைத்துக்கொள்ள வசதியாக ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தரும் கடமை வருகிறது.

படி 9: சான்றிதழ்கள்

சான்றிதழ் பெற்ற மாட்யூலை வைத்தாயிற்று, அதனால் நம் பொருளுக்கு வேறு சோதனையே வேண்டாம் என்று நினைப்பதுதான் இங்கே பரவலான தப்பு. அமெரிக்காவில் ரேடியோ கருவிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்சிசி அமைப்பின் விதிகளில் மாட்யூலின் அனுமதி அதன் ரேடியோவுக்கு. உங்கள் போர்டிலிருக்கும் பக் கன்வெர்ட்டரும் கிளாக்கும் கிளப்பும் இரைச்சல் உங்கள் பொறுப்பு, அதைத் தனியே அளக்க வேண்டும். மாட்யூலுக்கு அனுமதிக்கப்பட்ட ஆண்டெனாவை மாற்றினாலோ, இரண்டு மாட்யூல்கள் ஒரே நேரத்தில் ஒலிபரப்பினாலோ, உடலை ஒட்டி அணியும் பொருளானாலோ கூடுதல் சோதனைகள் வரலாம். மாட்யூலின் எஃப்சிசி எண் இந்தப் பொருளுக்குள் அடங்கியிருக்கிறது என்று வெளியே லேபிளும் ஒட்ட வேண்டும்.

ஐரோப்பாவின் சிஇ குறி பெரும்பாலான எளிய பொருள்களுக்கு நீங்களே அறிவித்துக்கொள்வது. ரேடியோ இருந்தால் ஆர்இடி உத்தரவு, இல்லாவிட்டால் மின்காந்த இரைச்சலுக்கான ஈஎம்சி உத்தரவு, கூடவே ஈயம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் ரோஸ் உத்தரவு. நீங்களே அறிவிக்கலாம் என்பதால் சோதிக்காமல் விடலாம் என்று அர்த்தம் இல்லை: கேட்டால் காட்ட சோதனை அறிக்கைகளோடு தொழில்நுட்பக் கோப்பு ஒன்று தயாராக இருக்க வேண்டும். மற்ற நாடுகளுக்கு அவரவர் விதிகள். எந்தச் சந்தைகளில் விற்பது என்று படி 1-லேயே முடிவு செய்திருந்தால் ஒரே முறை சோதனைக்கூடம் போய் எல்லாவற்றையும் முடிக்கலாம். லித்தியம் பேட்டரி இருந்தால், யூஎன் 38.3 சோதனை அறிக்கையை செல் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்; இல்லாமல் சரக்கு நகராது. புளூடூத் இருந்தால் தகுதிபெற்ற மாட்யூலே ஆனாலும் உங்கள் பெயரில் புளூடூத்தை நிர்வகிக்கும் அமைப்பான புளூடூத் எஸ்ஐஜியில் பதிவு வேண்டும். யூஎஸ்பி அடையாள எண்ணையும் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. சில சிப் நிறுவனங்கள் தங்கள் எண்ணின் கீழ் இடம் தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

சோதனைக்கூடத்துக்கு முன் மேசையிலேயே ஓர் ஒத்திகை செய்யலாம். மலிவான ஸ்பெக்ட்ரம் அனலைசர், ஒரு நியர்-ஃபீல்டு புரோப் போதும். போர்டைவிட அதிலிருந்து வெளியே போகும் கேபிள்களைச் சந்தேகியுங்கள்: 75 சென்டிமீட்டர் கேபிள் 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள ஆண்டெனா. பல தோல்விகளின் ஊற்று சார்ஜர் கேபிளாகத்தான் இருக்கும், அதனால் விற்கும்போது கொடுக்கப்போகும் அதே அடாப்டர், அதே கேபிளோடு சோதிக்கப் போங்கள்.

படி 10: உற்பத்தி, டெஸ்ட் ஜிக்

அசெம்பிளி நிறுவனத்துக்குக் கர்பர் கோப்புகள் (போர்டின் அடுக்குகளின் வரைபடங்கள்), துளைக் கோப்பு, தயாரிப்பாளர் எண்களோடு பிஓஎம், பாகங்களின் இடத்தைச் சொல்லும் பிக் அண்ட் பிளேஸ் கோப்பு, அசெம்பிளி வரைபடம் ஆகியவை போக வேண்டும். டயோடு, எல்இடி, ஐசி ஒவ்வொன்றின் திசையும் வரைபடத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியட்டும். பிஓஎம்மில் நீங்கள் அனுமதித்த மாற்றுப் பாகங்களையும் எழுதிவிடுங்கள், எழுதாதவற்றை கேட்காமல் மாற்றக் கூடாது என்றும் எழுதுங்கள். பாகங்களை நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் ஈர உணர்திறன் நிலையைக் கவனியுங்கள்: நிலை 3 சிப்பின் பொட்டலத்தைப் பிரித்தால் 168 மணி நேரத்துக்குள் சால்டர் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சூடுபடுத்தி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு அடுப்புக்குப் போனால் உள்ளே வெடிக்கும்.

தயாராகும் ஒவ்வொரு போர்டையும் சோதிக்கும் கருவியான டெஸ்ட் ஜிக்கை உற்பத்தி ஆர்டர் கொடுத்த பிறகு யோசிக்காதீர்கள். ஸ்பிரிங் வைத்த போகோ பின்கள் டெஸ்ட் பாயிண்ட்களை அழுத்த, ஒரு ஸ்கிரிப்ட் மின்வழிகளை அளந்து, ஃபர்ம்வேரை ஏற்றி, சென்சார்களைக் கேட்டு, வரிசை எண்ணைப் பதித்து, முடிவைச் சேமிக்க வேண்டும். இதற்காகவே டெஸ்ட் பாயிண்ட்களை எல்லாம் போர்டின் ஒரே பக்கத்தில், போதிய இடைவெளியில் வைத்திருக்க வேண்டும். அதாவது ஜிக்கின் வடிவம் படி 6-இல் தீர்மானமாகிறது. ஒரு போர்டுக்கு மூன்று நிமிடம் என்றால் ஆயிரம் போர்டுக்கு 50 மணி நேரம். அதை முப்பது விநாடியாக்க ஒரு வாரம் செலவழித்தாலும் தகும். ஜிக் தரும் பதில் பச்சை அல்லது சிவப்பு மட்டும் இருக்கட்டும், சிவப்பென்றால் எந்த அளவீடு தவறியது என்ற விவரத்தோடு.

முதல் தொகுதி ஐம்பது அல்லது நூறு. முழு ஆர்டரை அப்போதே கொடுத்தால் விலை குறையும் என்று சொல்வார்கள். குறையும்தான். அந்த நூறில் தெரியப்போகும் பிழை ஐயாயிரத்திலும் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

படி 11: விற்ற பிறகு

திரும்பிவரும் ஒவ்வொரு பொருளையும் வரிசை எண்ணோடு பதிவு செய்து, டெஸ்ட் ஜிக்கில் மறுபடி வையுங்கள். ஜிக்கில் தேறி, வாடிக்கையாளரிடம் தோற்றது என்றால் ஜிக்கில் ஒரு சோதனை குறைகிறது என்று அர்த்தம்.

அடுத்த பதிப்பில் எதை மாற்றினாலும் பெயரை மாற்றுங்கள்: பதிப்பு எண் பிசிபியில் அச்சாகட்டும், ரெசிஸ்டர் பின்களிலும் மாறட்டும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் தயாரிப்பாளரை மாற்றுவது சாதாரண விஷயம். ரெகுலேட்டர், கிரிஸ்டல், கனெக்டர், பெட்டி, அடாப்டர் ஆகியவற்றை மாற்றினால் இரைச்சல் அளவீட்டைக் குறைந்தபட்சம் மேசையிலாவது மறுபடி செய்து, தொழில்நுட்பக் கோப்பில் சேருங்கள். ஆண்டெனாவையோ ரேடியோ மாட்யூலையோ மாற்றினால் ஆர்டர் கொடுக்கும் முன்பே சோதனைக்கூடத்தைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். விநியோகஸ்தரிடம் ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும் மாற்ற அறிவிப்பு மின்னஞ்சலுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாகம் நிறுத்தப்படும்போது கடைசியாக ஆர்டர் கொடுக்க ஒரு தேதி அறிவிப்பார்கள். அந்தத் தேதி கடந்த பிறகு தெரிந்துகொண்டால் கையிருப்பு வைத்திருக்கும் இடைத்தரகர் சொல்வதுதான் விலை.